முடிந்தது சரி, பலித்ததா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். இலை வாங்கும் மையங்களில் நோட்டையும் பழைய தராசையும் எடுத்துவிட்டு, எலக்ட்ரானிக் தராசும் ரசீது அடிக்கும் கைக்கருவியும் வைக்கிற பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். 'மார்ச் 31க்குள் முடிந்தால் சக்ஸஸ்' என்கிறார் மேனேஜர். 'பட்ஜெட்டைத் தாண்டாவிட்டால் சக்ஸஸ்' என்கிறார்கள் அக்கவுண்ட்ஸில். மையத்தில் எடை போடும் அண்ணன் மட்டும் 'மழை வரட்டும், பார்ப்போம்' என்று சிரிக்கிறாராம். இதில் யார் சொல்வது சரி, இப்படி ஒரு வேலை ஜெயிக்க என்னதான் வேண்டும் என்பது கேள்வி.

எடை போடுகிறவர் சொல்வதுதான் சரி. குன்னூரைச் சுற்றியுள்ள ஃபேக்டரிகளில் மெஷின் மாற்றுவது, கம்ப்யூட்டர் கொண்டுவருவது என்று இருபது வருஷத்துக்கு மேல் இதே பிழைப்பில் இருந்தவன் நான். இதே தராசு வேலையை ஒரு தடவை கோட்டைவிட்டு, இன்னொரு தடவை ஓரளவு ஒழுங்காகச் செய்தேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

உங்கள் மேனேஜரும் அக்கவுண்ட்ஸ்காரர்களும் சொல்வது தப்பில்லை, பாதிதான். காலம், செலவு, தரம் என்று ஒரு முக்கோணம் வரைவார்கள். 1969ல் மார்ட்டின் பார்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் எஞ்சினியர் போட்ட படம் அது. வேலையை எவ்வளவு கட்டுக்கோப்பாக நடத்தினோம் என்பதை அது நன்றாகவே காட்டும். நடத்திய வேலையால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதைக் காட்டாது. கல்யாணப் பந்தியைப் பன்னிரண்டு மணிக்கு டாணென்று போட்டார்கள், சமையல்காரர் பேசிய தொகைக்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. சரி, சாப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள்? அது வேறு கேள்வி.

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பாதை போடலாம் என்ற பேச்சு 1854ல் வந்தது. வேலை தொடங்கியது 1891ல். நடுவில் ஒரு கம்பெனி நொடித்துப்போய் இன்னொரு கம்பெனி ஏற்றுக்கொண்டது. குன்னூருக்கு 1899ல் வந்து, ஊட்டியைத் தொட 1908 ஆனது. மார்ச் 31 கணக்கில் பார்த்தால் இதைவிடப் பெரிய தோல்வி இந்த மாவட்டத்தில் கிடையாது. ஆனால் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி, குன்னூர் வரையுள்ள செங்குத்தான ஏற்றத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பல்சட்டத்தைப் பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு, 2,203 மீட்டருக்கு ஏறும் அந்த வண்டி இன்றும் ஓடுகிறது; 2005ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாகச் சேர்த்தது. இதைச் சொல்லித் தாமதத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் உண்டு, அவர்களை நம்பாதீர்கள். தாமதமாகி அப்படியே செத்துப்போன வேலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பிழைத்தது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

காலமும் செலவும் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். 1994ல் அமெரிக்காவின் ஸ்டாண்டிஷ் குழு, கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட்டுகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டது. சொன்ன நேரத்தில், சொன்ன செலவில், சொன்ன வசதிகளோடு முடிந்தவை 16 சதவீதம். நடுவழியில் கைவிட்டவை 31 சதவீதம். மீதி எல்லாம் இழுபறி. உலகமே திடுக்கிட்டது. பிறகுதான் சிலர் நிதானமாகக் கேட்டார்கள்: எதோடு ஒப்பிட்டு இதைத் தோல்வி என்கிறீர்கள்? முதல் நாள் போட்ட மதிப்பீட்டோடு. அந்த மதிப்பீடே ஒரு ஊகம்தானே. ஆறு மாச வேலைக்கு ஒரு வருஷம் கேட்டு வாங்கியவர் ஜெயித்துவிடுவார், நேர்மையாக ஆறு மாசம் கேட்டு ஏழில் முடித்தவர் தோற்றுவிடுவார். நம் ஆபீஸ்களிலும் இந்த வித்தை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

பதினான்கு மையங்கள். தொடுதிரைக் கருவி, சின்ன பிரிண்டர், சிம் கார்டு. எடை போடுகிறவர்களை ஃபேக்டரி ஆபீசுக்கு வரவழைத்து ஒரே நாளில் பயிற்சி கொடுத்தோம். மார்ச் 28ம் தேதி கடைசி மையமும் முடிந்தது, பட்ஜெட்டில் மிச்சம்கூட இருந்தது. மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்கள். தலைமை ஆபீசிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, இன்னும் வீட்டில் எங்கேயோ கிடக்கிறது.

மே மாதம் இலை குவிய ஆரம்பித்தது. மத்தியானத்துக்கு மேல் ஒரு மையத்தில் நாற்பது ஐம்பது பேர் சாக்கோடு வரிசையில் நிற்பார்கள், லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். ஈரக் கையை வைத்தால் தொடுதிரை கேட்காது. துணியில் துடைத்துத் தொட்டால் ஒரு எண்ணுக்குப் பதில் இன்னொன்று விழும். மேகம் இறங்கிவிட்டால் சிக்னலும் போய்விடும். பஸ் ஸ்டாப் வரை மேடேறிப் போனால்தான் கோடு தெரியும். எடை போடுகிறவர் என்ன செய்வார்? பழைய நோட்டை எடுத்தார். சாயங்காலம் நோட்டில் எழுதி, ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கருவியில் ஏற்றினார். ஒருவர் அல்ல, ஏறக்குறைய எல்லோருமே.

எங்கள் ரிப்போர்ட்டில் என்ன வந்தது தெரியுமா? பதினான்கு மையத்திலும் நூற்றுக்கு நூறு பதிவு. ஏனென்றால் நாங்கள் அளந்தது 'ஒரு நாளில் எத்தனை பதிவு ஏறியது' என்பதை மட்டும். அந்த எண்ணிக்கையை மனுஷர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் வேறு ஒரு வேலையாக மழையில் ஒரு மையத்துக்குள் ஒதுங்கியபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அந்த அண்ணன் நோட்டை மறைக்கக்கூட இல்லை. 'உங்களுக்குக் கணக்கு வந்துடுதில்ல சார்?' என்று கேட்டார்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. வரிசையில் நிற்கும் விவசாயிக்கு எங்கள் கருவியால் எதுவும் மாறவில்லை. எடை காட்டும் முகம் எடை போடுகிறவர் பக்கம் திரும்பியிருந்தது. சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், மழை இலை என்று ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது ரசீதில் தனியாக வரவில்லை, மொத்தமாக ஒரு எண் வந்தது. சிறு தேயிலை விவசாயிக்கும் ஃபேக்டரிக்கும் இடையில் காலங்காலமாக இருக்கிற சந்தேகமே அந்தக் கழிவில்தான். அதைத் தொடாமல் நாங்கள் நோட்டை மட்டும் தொடுதிரையாக மாற்றியிருந்தோம்.

மூன்று வருஷம் கழித்து வேறொரு ஃபேக்டரியில் அதே வேலை வந்தது. இந்தத் தடவை பொத்தான் வைத்த கருவி. சிக்னல் இல்லாவிட்டாலும் தானே சேர்த்து வைத்துக்கொண்டு, லாரியோடு ஃபேக்டரிக்கு வந்ததும் கணக்கை இறக்கும். விவசாயி பக்கம் பார்த்தபடி இரண்டாவது டிஸ்ப்ளே ஒன்று. சாக்கு ஒரு வரி, ஈரக் கழிவு ஒரு வரி, நிகர எடை ஒரு வரி. இரண்டாவது டிஸ்ப்ளேயால் செலவு கூடியது, பொத்தான் கருவி தேடியதில் இரண்டு மாசம் தள்ளிப்போனது. ஒன்பது மையங்களில் நான்கில்தான் சொன்ன தேதிக்குள் வைக்க முடிந்தது. முதலாளி மைசூர்பாகு வாங்கவில்லை, முறைத்தார். இரண்டு மழைக்காலம் போனபிறகு ஒரு மையத்துக்குப் போய்ப் பழைய நோட்டு எங்கே என்று கேட்டேன். தேடினார்கள், கிடைக்கவில்லை. வரிசையில் இருந்த ஒரு அம்மா, 'இப்ப நானே பாத்துக்கறேன், யாரையும் கேக்க வேண்டியதில்ல' என்றார். பேப்பரில் முதல் ப்ராஜெக்ட் வெற்றி, இரண்டாவது தோல்வி. எனக்கு எது எது என்று சொல்லவேண்டியதில்லை.

எண்ணிக்கை நிறைந்து நோக்கம் தவறிய வேலைக்கு இந்த மலையிலேயே பெரிய சாட்சி நிற்கிறது: வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம். தோல் பதனிட அதன் பட்டை, விறகுக்கு அதன் கட்டை என்று புல்வெளிகளில் வரிசை வரிசையாக நட்டார்கள். அன்றைய அளவுகோல் இத்தனை ஏக்கர் நட்டோம் என்பது, அது நிறைந்தது. அப்புறம் சீகை தானாகவே பரவியது. சோலைக்கு நடுவே இருந்த புல்வெளி சுருங்கியது. 2022ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிடவேண்டி வந்தது. நட்டதும் திட்டம், பிடுங்குவதும் திட்டம். நடும்போது யாராவது ஒருவர் 'ஐம்பது வருஷம் கழித்து இந்தப் புல்வெளியைப் பார்த்து இதை யார் என்ன சொல்வார்கள்' என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்கு அன்று யாருக்கும் அவசியம் இருக்கவில்லை, அவர்களைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை.

இதற்கு நேரெதிர் கோளாறும் உண்டு: ஒரு வேலையை அது செய்யவே வராத காரியத்தை வைத்து எடைபோடுவது. 2024 மே 7ம் தேதி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் இ-பாஸ் வாங்கவேண்டும் என்று வந்தது நினைவிருக்கும். 'இ-பாஸ் வந்தும் ஊட்டியில் டிராஃபிக் குறையவில்லை, திட்டம் ஃபெயில்' என்று டீக்கடையில் எல்லாம் பேச்சு. ஆனால் சென்னை உயர்நீதிமன்றம் அந்த வருஷம் போட்ட உத்தரவில் வண்டிகளுக்கு உச்சவரம்பே கிடையாது. கேட்ட எல்லோருக்கும் பாஸ் கொடுக்கச் சொன்னார்கள். எத்தனை வண்டி வருகிறது என்று தெரிந்துகொள்வதுதான் அப்போதைய நோக்கம். 2025 ஏப்ரல் 1 முதல்தான் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று வரம்பு வந்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. முதல் வருஷத்தை 'எண்ணினார்களா?' என்று கேட்டுத்தான் மதிப்பிடவேண்டும், இரண்டாவது வருஷத்தை 'குறைந்ததா?' என்று. உங்கள் தராசு வேலையிலும் இது வரும். விலை ஏறவில்லையே என்று யாராவது ஒரு விவசாயி கேட்பார். பச்சைத் தேயிலை விலையைத் தராசு ஏற்றாது. இதை ஆரம்பத்திலேயே ஊருக்குள் சொல்லி வைத்துவிடுங்கள்.

இனி ஜெயிக்க வைப்பது எது என்ற பாகம். இதற்குப் பெரிய பட்டியல்கள் இருக்கின்றன. பத்துக் காரணம், பன்னிரண்டு காரணம் என்று. என் அனுபவத்தில் அதில் நான்கைந்துதான் உண்மையிலேயே கனமானவை.

முதலாவது, தொடக்கத்தில் எடுக்கிற ஒரு முடிவு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ டெலஸ்கோப்பைப் பார்த்திருக்கிறீர்களா? 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970ல் முடிந்தது. வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் குழுவும் அதற்காகத் தேடியது ஒரு குறிப்பிட்ட சரிவு: வடக்கு தெற்காக, சுமார் 11 டிகிரி சாய்ந்த மலை. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அந்தச் சரிவின்மேல் கிடத்தினால் டெலஸ்கோப்பின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் ஒரே ஒரு திசையில் உருட்டினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். மெஷினுக்குள் தீர்க்கவேண்டிய சிக்கலில் பாதியை இடம் தேர்ந்தெடுத்தபோதே தீர்த்துவிட்டார்கள். இந்த மலையில் நான் மிகவும் மதிக்கும் ப்ராஜெக்ட் அதுதான், ரயில்கூட இரண்டாவது.

உங்கள் வேலையில் அந்தச் சரிவுக்குச் சமம், முதலில் எந்த மையத்தில் வைத்துப் பார்ப்பது என்ற முடிவு. எல்லோரும் ஆபீசுக்குப் பக்கத்து மையத்தில் வைப்பார்கள். கரண்ட் இருக்கும், சிக்னல் இருக்கும், படித்த பையன் ஒருவன் இருப்பான். அங்கே ஓடாமல் எங்கே ஓடும்? மேகம் அதிகம் இறங்குகிற, சிக்னலே இல்லாத, கொஞ்சம் கோபக்காரரான ஆள் எடை போடுகிற மையத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நின்றுவிட்டால் மற்ற இடங்களைப் பற்றிக் கவலை குறைவு.

இரண்டாவது, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பது. என் முதல் தோல்வியில் மூன்றாம் நாளே ஒரு எடைக்காரர் தொடுதிரை ஆகாது என்று சொல்லிவிட்டார். நான் கடிதம் எழுதினேன். அது கோயம்புத்தூர் போய், 'டெமோவில் நன்றாக வேலை செய்ததே' என்ற பதிலோடு வந்தது. டெமோ நடந்தது ஏ.சி. அறையில். இரண்டாவது தடவை முதலாளியையே ஒரு சனிக்கிழமை மழையில் மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். முறைத்தாலும், இரண்டாவது டிஸ்ப்ளேக்கு அங்கேயே சரி என்றார்.

மூன்றாவது, நேரக் கணக்கு. தான் செய்யப்போகிற வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மனிதன் எப்போதும் குறைத்தே போடுவான் என்று 1979லேயே கானெமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். அதற்கு மருந்து, நம் திட்டத்தை விட்டுவிட்டு, இதே மாதிரி வேலை இதற்கு முன் மற்றவர்களுக்கு எத்தனை மாசம் பிடித்தது என்று விசாரிப்பது. பக்கத்து ஃபேக்டரியில் கேளுங்கள், வெட்கப்படவேண்டாம். மலைக்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கூடலூர்ப் பக்கம் என்றால் ஜூன், ஜூலை, கோத்தகிரி, குன்னூர் என்றால் அக்டோபர், நவம்பர். மண் சரிந்தால் சர்வீஸ் ஆள் மேட்டுப்பாளையத்திலேயே திரும்பிப் போய்விடுவார்.

தாமதமானால் ஆள் கூட்டலாம் என்ற யோசனை கண்டிப்பாக வரும். கொழுந்து பறிக்க ஆள் கூட்டினால் கூடை நிறையும். கம்ப்யூட்டர் வேலையில் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கே பழைய ஆளின் நேரம் போய்விடும், ஐ.பி.எம்.மில் இருந்த ஃப்ரெட் ப்ரூக்ஸ் இதை 1975லேயே சொல்லிவிட்டார், இருந்தும் இன்றுவரை ஆள் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு விளையாட்டு. கேரி க்ளைன் என்ற உளவியலாளர் சொல்லிக் கொடுத்தது, டீயும் வர்க்கியும் இருந்தால் போதும். எடை போடுகிறவர்கள், லாரி டிரைவர், அக்கவுண்ட்ஸ் பெண் எல்லோரையும் உட்கார வைத்து, 'அடுத்த டிசம்பர் வந்துவிட்டது, இந்த வேலை ஊத்திக்கொண்டது, ஏன்?' என்று கேளுங்கள். 'ஏதாவது குறை இருக்கா?' என்று கேட்டால் மேனேஜர் முன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஊத்திக்கொண்டது என்று நீங்களே சொல்லிவிட்டால், காரணம் சொல்வதில் போட்டி வந்துவிடும். நான் நடத்திய ஒரு கூட்டத்தில் டிரைவர் ஒருவர் சொன்ன ஒரே வரி, பேட்டரியை யார் சார்ஜ் போடுவது என்பது. யாருமே அதை யோசித்திருக்கவில்லை.

எதிர்ப்பு வரும்போது 'இவங்களுக்குப் புதுசு பழகல' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சில இடத்தில் அது சோம்பேறித்தனமான விளக்கம். எடை பளிச்சென்று தெரிந்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசியுங்கள். கிலோவுக்குக் கீழே வரும் கிராமைத் தள்ளித் தள்ளிச் சேர்த்தவருக்கு நஷ்டம். கழிவைக் கண்மதிப்பில் போட்டுவந்தவருக்கு அதிகாரம் போகிறது. அவர்கள் உங்கள் கருவியை நன்றாகப் புரிந்துகொண்டுதான் எதிர்க்கிறார்கள். ஒரு வேலையின் வெற்றி எல்லோருக்கும் ஒரே வெற்றியாக இருக்காது. விவசாயிக்கு, எடைக்காரருக்கு, அக்கவுண்ட்ஸுக்கு, முதலாளிக்கு என்று நான்கு கணக்கு ஓடும். நான்கையும் தெரிந்துகொண்டு, எது முதல் என்று மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுத்துவதும் சில நேரம் வெற்றிதான். இலை லாரிகளில் ஜி.பி.எஸ். வைக்கும் வேலை ஒன்றை இரண்டே மாசத்தில் நிறுத்தினேன். லாரி எங்கே நிற்கிறது என்று கேட்டால் டிரைவரே போனில் சொல்லிவிடுகிறார், வேறு எதற்கும் அந்தக் கணக்கு உதவவில்லை. அதை யாரும் என் சாதனையில் சேர்க்கவில்லை, நான் சேர்க்கிறேன்.

இப்போது உங்களுக்கு வேண்டியது. கருவி வருவதற்கு முன்னாலேயே இரண்டு மாசத்துக்கு நான்கு விஷயம் எழுதி வையுங்கள்: வாரத்தில் எத்தனை எடைத் தகராறு, மையத்து எடைக்கும் ஃபேக்டரி வாசல் எடைக்கும் எத்தனை கிலோ வித்தியாசம், மாசக் கணக்கு எந்தத் தேதியில் முடிகிறது, பணம் எந்தத் தேதியில் விவசாயிக்குப் போகிறது. இது இல்லாமல் அடுத்த வருஷம் 'முன்னைக்கு இப்போ பரவாயில்லை' என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்காது. அப்புறம் மேனேஜரிடம் இரண்டு தேதி கேளுங்கள். ஒன்று அவர் சொன்ன மார்ச் 31, கருவி வைத்து முடிக்க. இன்னொன்று நவம்பர் கடைசி, பலித்ததா என்று பார்க்க. அன்றைக்கு யார் யார் மையத்துக்குப் போய்ப் பார்ப்பார்கள், என்ன பார்த்தால் சரி என்று ஒப்புக்கொள்வார்கள் என்பதை இப்போதே அரைப் பக்கம் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால், இந்த வேலை எதற்கு என்று அவருக்கே இன்னும் தெளிவில்லை என்று அர்த்தம். தெரிந்துகொள்ள அது நல்ல நேரம்.

சிரித்த அந்த எடைக்கார அண்ணனைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி வாங்கும் முன் இரண்டு மாடலை அவர் கையில் கொடுத்து, கையை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ரசீது ரோலை மட்டும் டிரையர் ரூம் பக்கம் வைத்துவிடாதீர்கள். ஈரம் படாதென்று நாங்கள் அங்கேதான் அடுக்கினோம், சூட்டில் ஒரு பெட்டி முழுக்கக் கறுத்துப்போய்விட்டது. பேக்கரியில் வர்க்கி போட்டு வைக்கிற மாதிரி மூடி இறுகிய தகர டின் மையத்துக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், அது போதும்.